தாமஸ் எட்மண்ட்ஸனும் ஒருமுறை செல்லும் சீட்டும்

சென்னையினின்று மேற்கு நோக்கிப் புறப்பட்ட இருப்புப்பாதை ஜோலார்ப்பேட்டையைக் கடந்து, சேர்வராயன் மலையின் அடிவாரத்தை ஒட்டி வளைந்து, 1861-ம் ஆண்டிற் சேலத்தை அடைந்தது. பின்னர்ச் சங்ககிரியைத் தொட்டுக் காவிரியைத் தாண்டி ஈரோட்டுக்குச் சென்றது. வண்டி மாடுகளை நம்பி நாட்கணக்காக வழி நடந்த இச்சமவெளி மக்கள், அன்று முதற்கொண்டு புகைவண்டிப் பிரயாணிகளாயினர். பிரயாணச் சீட்டு என்றவுடன் நம் பாட்டன்மார் கண்முன் தோன்றியது ஒன்றே. இரண்டேகால் அங்குல நீளமும், ஒன்றேகால் அங்குலத்திற்குச் சிறிது குறைந்த அகலமும் உடைய தடித்த அட்டை அது. அதில் ஊர்ப் பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கும். வரிசை எண் ஒன்று இருக்கும். ஜன்னலுக்கு உட்புறத்தே ஓர் இரும்புப் பொறி அதனைக் கவ்வி அன்றைய தேதியைப் பதிக்கும். இந்நாட்டு இருப்புப்பாதைகளில் நெடுங்காலம் வழங்கிய அவ்வட்டையைக் கண்டவர் தாமஸ் எட்மண்ட்ஸன் என்பவர். புகைவண்டித் துறையினர் இன்றும் அச்சீட்டை அவர் பெயராலேயே வழங்குகின்றனர். அன்னார் சரித்திரத்தைச் சுருக்கமாக ஈண்டு எழுதத் துணிந்தோம். தச்சராகிய அவர் தீர்த்துவைத்த சிக்கல் இக்காலத்துக் கணினிகளின் இடையேயும் எழுந்து நிற்பதே அதற்குக் காரணம்.

எட்மண்ட்ஸன் 1792-ம் ஆண்டு ஜூன் மாதம் 30-ம் நாள் இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள லங்காஸ்டர் நகரிற் பிறந்தார். க்வேக்கர் எனப்படும் நண்பர் சங்கத்தைச் சார்ந்தது அவர் குடும்பம். அச்சங்கத்தார் நியாயஸ்தலத்திலும் சத்தியப் பிரமாணம் செய்ய மறுப்பவர். மனிதன் கூறிய சொல்லே போதுமானதென்னும் கொள்கையினர். அத்தகையோரிடை வளர்ந்தவரே, ஒருவர் சொல்லையும் நம்பத் தேவையில்லாத கணக்குமுறையைப் பின்னாளில் வகுத்தாரென்பது எமக்கு வியப்பளிக்கின்றது. லங்காஸ்டரிற் பேர்பெற்ற கில்லோ என்னும் மரச்சாமான் நிலையத்தில் அவர் தச்சுத் தொழில் பயின்றார். சிறுவயதிலேயே பொறிகளில் நாட்டமுடையவர். தொட்டிலை ஆட்டும்போதே வெண்ணெயும் கடையும்படி ஒரு கருவி அமைத்தாராம். வேலை மிகுந்த தாய்மாரிடம் அவருக்கிருந்த பரிவு அதனால் விளங்கும்.

தொழில் நன்கறிந்த அவர்க்கு வியாபாரம் கைகூடவில்லை. கார்லைல் நகரிற் கூட்டு வியாபாரம் நடத்தி நஷ்டமுற்றார். நம் ஊரார் மொழியிற் கூறின், மஞ்சட் கடுதாசி கொடுக்கும் நிலையை எய்தினார். கடன்காரர் பலர் தம் பொருளை இழந்தனர். அக்காலத்து இங்கிலாந்தில் இந்நிலைக்கு வந்தவனை ஊர் எளிதில் மன்னியாது. சேலம் நூற்கடை வீதியிலும் மன்னியாதென்பதை யாம் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்வாறு பெயர் கெட்டிருந்த நாற்பத்து நான்கு வயதினர்க்கு 1836-ம் ஆண்டில், நியூகாஸில்–கார்லைல் இருப்புப்பாதையில் மில்டன் என்னும் சிறு நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் உத்தியோகம் கிடைத்தது. பிறர் பணத்தை வாங்கிக் கணக்குக் கொடுக்கும் வேலை அது. பழைய குதிரைவண்டிக் கம்பெனிகளின் வழக்கமே அப்போது புகைவண்டிகளிலும் நிலவியது. பிரயாணி வந்தால் அவன் பெயரையும் செல்லுமிடத்தையும் புத்தகத்தில் எழுதித் துண்டுத் தாளொன்றைக் கிழித்துக் கொடுத்தல் வேண்டும். பத்துப் பேர் வந்தால் வண்டி காத்து நிற்கும். அது சிறு தொல்லையே. பெருந்தொல்லை யாதெனின், குமாஸ்தா எத்தனை பேரிடம் பணம் பெற்றான் என்பதைக் கம்பெனி அறிய வழியில்லை. திருடுவோன் திருடலாம், திருடாதவனும் தான் திருடவில்லையென்று மெய்ப்பிக்க இயலாது. முன்னரே பெயர் கெட்ட ஒருவர்க்கு இவ்விரண்டாவது நிலை எத்துணைக் கொடியதென்பதை வாசகர் உணர்வர்.

நார்தம்பர்லண்டில் ஒரு வயலினூடே நடந்து செல்கையில் இதற்குரிய வழி முழுவதும் ஒருங்கே தம் மனத்தில் தோன்றியதாக அவர் பிற்காலத்தில் நண்பரிடம் கூறி, அவ்விடத்தையும் காட்டினராம். முதற்கண் அட்டைகளை மரக்கட்டை கொண்டு கையாலேயே அச்சிட்டார். எண்களைப் பேனாவால் எழுதினார். பின்னர் எண்ணும் அச்சாகுமாறு பொறி அமைத்தார். ஒவ்வோர் ஊருக்குமுரிய அட்டைகளை எண் வரிசையாக ஒரு குழாயில் நிறுத்தி, அடியிலுள்ளதை முதலில் உருவும்படி செய்தார். கார்லைலிற் கடிகாரத் தொழில் செய்த ஜான் பிளேலக் என்பவர் துணையால் தேதி பதிக்கும் பொறியும் உண்டாயிற்று.

எண்ணிடும் வரிசையைச் சுழி நான்கிலிருந்து, அதாவது 0000 என்பதிலிருந்து, தொடங்கியது நுண்ணறிவுடைய செயல். குழாயின் அடியில் அடுத்து நிற்கும் எண் 0037 எனின், விற்றவை முப்பத்தேழு. மாலையில் நிற்கும் எண்ணினின்று காலையில் நின்ற எண்ணைக் கழித்துக் கட்டணத்தாற் பெருக்கினால், பெட்டியில் இருக்க வேண்டிய தொகை இதுவெனத் தெரியும். குமாஸ்தாவின் நேர்மைக்கு அட்டையே சாட்சியாயிற்று.

ஆயினும் எண் மட்டும் போதுமோ? வெளிவாயிலில் நிற்கும் சேவகனை நினைமின். பிரயாணி ஒருவன் நேற்றுப் பயன்படுத்திய அட்டையையே இன்று மீண்டும் நீட்டுகின்றான். அது கள்ள அட்டையன்று, கம்பெனி அச்சிட்டதே, எழுத்தும் எண்ணும் பழுதற்றவை. போலியைக் கண்டறியும் எச்சோதனையிலும் அது தேறும். மெய்யான பொருளையே இரண்டாம் முறை பயன்படுத்தும் வஞ்சனை இது. முன்பு கண்ட எண்கள் அனைத்தையும் சேவகன் நினைவில் வைத்திருந்தால் பிடிக்கலாம். ஆனால் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில், எவன் நினைவு கொள்ள வல்லான்? இங்கேதான் தேதி துணை செய்கின்றது. தேதி கடந்த அட்டையை எண் பாராமலே தள்ளிவிடலாம். எனவே அவன் கவனிக்க வேண்டுபவை இன்றைய அட்டைகள் மட்டுமே. அவற்றையும் துளையிட்டோ, வாங்கி வைத்துக்கொண்டோ முடித்துவிடலாம். எண்ணில்லாத் தேதி ஒரே நாளில் இருமுறை ஏமாறும். தேதியில்லா எண் எல்லையற்ற நினைவை வேண்டும். இரண்டும் கூடிய பின்னரே காவல் நிறைவுறுகின்றது. எட்மண்ட்ஸன் முறையின் உயிர்நிலை இதுவென்பதே எம் கருத்து. தேதியைத் தனித்தாளில் எழுதாமல் அட்டையின் உடலிலேயே பதித்ததும் இது பற்றியே. தனித்தாளாயின் மாற்றி வைத்தல் எளிது.

இவ்வஞ்சனையைச் சட்டமும் அறிந்திருக்கின்றது. 1989-ம் ஆண்டின் இந்திய ரயில்வேச் சட்டம் 137-ம் பிரிவு, முன் பயணத்திற் பயன்பட்டுவிட்ட ஒற்றைச் சீட்டை மீண்டும் பயன்படுத்துவோர்க்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கின்றது.

நிற்க. இனி, கணினிகளின் இடையே இதே சிக்கல் எழுமாற்றைக் காண்போம். நாமக்கல்லில் முட்டை வியாபாரி ஒருவர், தீவன வியாபாரிக்கு ஐம்பதினாயிரம் ரூபாய் செலுத்துமாறு தம் கணினியினின்று பாங்கியின் சர்வருக்கு ஓர் ஆணை விடுக்கின்றார் என வைத்துக்கொள்வோம். இருவர்க்கும் மட்டுமே தெரிந்த இரகசியத் திறவு ஒன்று உண்டு. ஆணையின் எழுத்துக்களையும் அத்திறவையும் சேர்த்துக் கணித்த ஓர் எண்கோவை அவ்வாணையோடு கையொப்பமாகச் செல்லும். ஐம்பதினாயிரத்தை எவரேனும் ஐந்து லட்சமாக்கினால் கையொப்பம் பொருந்தாது. நன்று. ஆனால் கெட்ட எண்ணமுடையோன் ஒருவன் அவ்வாணையை எழுத்துப் பிசகாமற் படியெடுத்து, நாளை மீண்டும், மறுநாள் மீண்டும் விடுப்பானாயின்? திறவை அவன் அறிய வேண்டுவதில்லை. ஒரெழுத்தையும் திருத்த வேண்டுவதில்லை. கையொப்பம் மெய்யானதே, பாங்கி மும்முறை பணம் கொடுக்கும். வழியெல்லாம் மறைபொருளாகவே செய்தி செல்கின்றதே எனின், வழியில் மறைந்து செல்வது உண்மையே. சேர்ந்த இடத்துக் குறிப்பேடுகளில் அது வெளிப்படையாகத் தங்கியிருந்தால், அங்குள்ளவன் படியெடுத்தல் அரிதன்று. இன்னார் இதனைச் சொன்னார் என்பதற்கே கையொப்பம் சான்று. இப்போது சொன்னார், முதன்முறை சொன்னார் என்பதற்கு அது சான்றாகாது.

இதற்குக் கண்ட மருந்து எட்மண்ட்ஸனின் மருந்தே. ஆணையில் விடுத்த நேரத்தைக் குறிக்க வேண்டும். மீண்டும் வாராத ஓர் எண்ணையும் சேர்க்க வேண்டும். கையொப்பம் இவ்விரண்டையும் தழுவியதாக இருத்தல் வேண்டும். நேரமும் எண்ணும் கையொப்பத்திற்குப் புறம்பே நிற்குமாயின், வஞ்சகன் அவற்றை மட்டும் மாற்றிவிடுவான். சர்வரானது நேரம் கடந்த ஆணையைத் தள்ளும். நேரத்துக்குட்பட்டதாயின் எண்ணைத் தன் ஏட்டிற் பார்க்கும். முன்னரே உள்ளதாயின் அதனையும் தள்ளும். அமெஸான் கம்பெனியின் சர்வர்கள் பொதுவாக ஐந்து நிமிட எல்லை வைத்திருக்கின்றன. 2024-ம் ஆண்டில் வெளியான ஆர்.எப்.ஸி. 9421 என்னும் பொது விதித்தொகுப்பும், கையொப்பம் உண்டான நேரம், முடியும் நேரம், ஒருமுறை எண் ஆகியவற்றுக்கு இடம் வகுத்திருக்கின்றது. ஏட்டில் எண்களை என்றென்றும் காக்க வேண்டுவதில்லை. நேர எல்லை கடக்கும் வரை காத்தாற் போதும். தேதி கடந்த அட்டையை வாயிற்சேவகன் மறந்துவிடலாம் என்பதற்கு இது நிகர்.

கவனிக்கத் தக்கவை இன்னும் சில உள. ஒரு நிலையத்துக்கு இரு வெளிவாயில்கள் இருந்து, துளையிடாத அட்டைகளை இரு சேவகர் தனித்தனியே பார்த்தால், ஒரே அட்டை இருவரிடமும் செல்லும். அதுபோலப் பாங்கியின் சர்வர்கள் பலவாயின் அவற்றுக்கு ஏடு ஒன்றாக இருத்தல் வேண்டும். எண்ணைப் பார்த்தலும் எழுதுதலும் இடைவெளியின்றி ஒரே செயலாக நிகழ்தல் வேண்டும். கடிகாரங்களும் ஒத்திருத்தல் வேண்டும். வியாபாரியின் கணினி பத்து நிமிடம் பிந்தியிருந்தால் அவர் நேர்மையான ஆணையும் தள்ளப்படும். மேலும், பாங்கியின் மறுமொழி வழியில் தவறினால், வியாபாரி கவலையுற்று மறுபடியும் விடுப்பார். அவர் வஞ்சகரல்லர். அவர்பொருட்டு, விடுப்புக்கு விடுப்பு மாறும் எண்ணோடு, கொடுக்கல் வாங்கலுக்கென மாறாத எண் ஒன்றும் வேண்டும். அவ்வெண்ணைக் கண்ட பாங்கி, பணத்தை இரண்டாம் முறை கொடாமல், முன் கொடுத்ததற்குரிய ரசீதையே திரும்ப அனுப்பும். வஞ்சகனைத் தடுப்பதே எளிது. தடுக்கும்போது நல்லவனையும் விரட்டாமலிருத்தலே அரிது என்று யாம் நினைக்கின்றோம்.

எட்மண்ட்ஸன் சரித்திரத்திற்குத் திரும்புவோம். அவர் பணியாற்றிய கம்பெனி அவர் அட்டையின் அருமையை உணரவில்லை. 1839-ம் ஆண்டில் மான்செஸ்டர்–லீட்ஸ் இருப்புப்பாதையார் அவரை அழைத்துக்கொண்டனர். அவர் தம் உரிமையைப் பதிவு செய்து, பாதை நீளத்தில் மைல் ஒன்றுக்கு ஆண்டுக்குப் பத்து ஷில்லிங் வீதம் கட்டணம் விதித்தார். முப்பது மைல் பாதையுடைய கம்பெனி ஆண்டுக்குப் பதினைந்து பவுன் கொடுத்து, எத்தனை லட்சம் அட்டைகளையும் வழங்கலாம். பேராசையில்லாத கணக்கு அது. கம்பெனிகள் பலவும் விரைந்து ஏற்றன. 1842-ம் ஆண்டில் கம்பெனிகள் தம்முட் கணக்குத் தீர்க்கப் பொதுநிலையம் ஒன்றை லண்டனில் நிறுவின. ஒரு சீட்டைக் கொண்டே பல கம்பெனிகளின் பாதையிற் செல்லும் பிரயாணியின் பணத்தைப் பங்கிடுதற்கு எண்ணிட்ட அட்டை பெருந்துணை செய்தது.

செல்வம் வந்தபின் அவர் செய்த முதன்மையான செயல் ஒன்றுண்டு. கார்லைலில் தம்மால் நஷ்டமடைந்த கடன்காரர்க்குச் சட்டப்படி அவர் ஒன்றும் கொடுக்கக் கடமைப்பட்டவரல்லர். ஆயினும் ஒவ்வொருவர் கடனையும் முழுமையாகத் தீர்த்தார். 1851-ம் ஆண்டு ஜூன் மாதம் 22-ம் நாள் மான்செஸ்டரில் உயிர் நீத்தார்.

அவர் அட்டை அவரினும் நெடுநாள் வாழ்ந்தது. பிரிட்டிஷ் ரயில்வேயார் 1990-ம் ஆண்டில்தான் அதனைக் கைவிட்டனர். இந்நாட்டிலும் கணினிச் சீட்டு பரவப் பரவ அது அருகியது. சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூருக்குப் புதிய பாதை 2013-ம் ஆண்டிற் பிரயாணிகளுக்குத் திறக்கப்பட்ட காலத்தில், கணினி அச்சிடும் தாளே எங்கும் பெருவழக்காகியிருந்தது. அத்தாளிலும் எண் ஒன்றும், தேதியும், நேரமும் அச்சிடப்பட்டிருக்கும்.