வெனிஸ் விமான நிலையத்துக்குப் பெயர் தந்தவர்



சென்னையில் ஆகாய விமானம் ஏறி, வழியில் ஒருமுறை மாறினால், மறுநாளைக்குள் வெனிஸ் நகர் சேரலாம். இறங்கும் நிலையத்தின் பெயர் மார்க்கோ போலோ. அங்கிருந்து ஊருக்குள் படகிலேயே போகலாம். அந்தப் பெயருக்குரியவர் ஊர் திரும்ப எத்தனை வருஷம் பிடித்தது தெரியுமோ? 24 வருஷம்!

1254-ல் வணிகர் குடும்பத்தில் பிறந்தவர். 1271-ல் தகப்பனாரோடும் அவருடைய சகோதரரோடும் புறப்பட்டார். சேசுநாதருடைய கல்லறை விளக்கின் எண்ணெயை எடுத்துக்கொண்டு சீனப் பேரரசர் குப்ளாய் கானிடம் போனார்கள். பட்டு பிறந்த அந்த நாட்டில் சுமார் 17 வருஷம் இருந்தார். (நம் தறிக்காரருக்கு இது சுவைக்கும்.) திரும்பியது கடல்வழி. பாண்டியர் ஆண்ட நம் கரையின் முத்துக்குளிப்பையும், காயல் துறையில் குதிரைகள் வந்திறங்குவதையும் விவரித்திருக்கிறார். மயிலையில் அர்ச். தோமையார் கல்லறைக்குக் கிறிஸ்தவரும் முகம்மதியரும் வருவதையும், அவ்விடத்து மண்ணை நோயாளிகளுக்குக் கொடுப்பதையும் அவர் சொல்லாமல் விடவில்லை.

1295-ல் ஊர் சேர்ந்தும் நிம்மதியில்லை. ஜெனோவாக்காரரிடம் போரில் பிடிபட்டார். 1298-ல் சிறையில், உடனிருந்த ருஸ்திகெல்லோ என்பவருக்குச் சொல்லச் சொல்லத்தான் அவருடைய நூல் உருவாயிற்று. சிறைப்படாதிருந்தால் நமக்கு அந்த நூல் ஏது?

1324-ல் மரிக்குமுன் எழுதிய மரண சாசனத்தில், தம்மிடமிருந்த பேதுரு என்னும் தார்த்தாரிய அடிமையை விடுதலை செய்தார். அர்ச். லவுரேஞ்சியார் கோவிலில் தம்மை அடக்கம் செய்யக் கேட்டிருந்தார். அந்தக் கல்லறை இருந்த இடம் இன்று தெரியவில்லை.