'பிக் பேங்' என்று பெயர் வைத்தவரே அதை நம்பவில்லை... யார் இந்த ஃப்ரெட் ஹாய்ல்?

பிரபஞ்சம் எப்படித் தொடங்கியது என்று கேட்டால், பள்ளிக் குழந்தைகூட 'பிக் பேங்' என்று சொல்லிவிடும். 1949-ல் பிபிசி வானொலியில் இந்தப் பெயரை முதன்முதலில் சொன்னவர் ஃப்ரெட் ஹாய்ல். இதுல ட்விஸ்ட் என்னன்னா, அந்தக் கொள்கையை அவர் கடைசிவரை ஏத்துக்கவே இல்லை!

1915-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்த ஹாய்ல், கேம்பிரிட்ஜில் பேராசிரியராக இருந்தவர்.

அவர் சொன்னது என்ன?

பிரபஞ்சம் விரிகிறது என்பதை ஹாய்லும் ஒப்புக்கொண்டார். ஆனால், அன்றைய கணக்குப்படி பிரபஞ்சத்தின் வயது சுமார் 200 கோடி ஆண்டுதான். பூமியின் பாறைகளோ அதைவிட மூத்தவை. அம்மாவைவிட மகளுக்கு வயது அதிகமா? எங்கேயோ இடிக்குதே!

1948-ல் போண்டி, கோல்டு இருவரும் ஒரு கட்டுரையிலும், ஹாய்ல் தனிக் கட்டுரையிலும் மாற்று வழி சொன்னார்கள். அதுதான் 'நிலை மாறாப் பிரபஞ்சம்'. கேலக்ஸிகள் விலக விலக, நடுவில் புதுப் பொருள் உருவாகிக்கொண்டே இருக்கும். தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை.

சோதனையில் என்ன ஆனது?

ஹாய்ல் சொன்னது சரியென்றால், பிரபஞ்சம் எந்தக் காலத்திலும் ஒரே மாதிரி இருக்கணும். தூரத்தைப் பார்ப்பது என்றால் பழைய காலத்தைப் பார்ப்பது. கேம்பிரிட்ஜிலேயே இருந்த மார்ட்டின் ரைல், வானில் ரேடியோ அலை வீசும் பொருட்களை எண்ணினார். 1955-ல் வந்த அவரது பட்டியலில் பிழைகள் இருந்தன. 1961-ல் வந்த திருத்தமான கணக்கோ, அந்தக் காலத்தில் அவை அதிகம் இருந்ததைக் காட்டியது.

1965-ல் அடுத்த அடி. வானம் முழுக்கப் பரவியிருக்கும் சுமார் மைனஸ் 270 டிகிரி வெப்பக் கதிர்வீச்சை அமெரிக்காவின் பென்சியாஸும் வில்சனும் அறிவித்தார்கள். பிக் பேங்கின் மிச்சச் சூடு அது. பெரும்பாலான விஞ்ஞானிகள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். பாறை வயதுச் சிக்கலும், கேலக்ஸிகளின் தூரம் திருத்தப்பட்டதில் தீர்ந்துபோனது.

அப்போ தோத்துட்டாரா?

முழுசா இல்லை. நட்சத்திரங்களுக்குள் கார்பன் உருவாக, அதன் அணுக்கருவுக்கு ஒரு குறிப்பிட்ட ஆற்றல் நிலை இருந்தாகணும் என்று 1953-ல் கணித்தார் ஹாய்ல். கால்டெக்கில் சோதித்தார்கள், இருந்தது! நம் உடம்பின் கார்பன் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இன்றும் அதுதான் பதில். தனிமங்கள் பிறந்த கதைக்காக 1983-ல் நோபல் பரிசு பெற்றவர் அவரது சகா ஃபவுலர். ஹாய்லுக்கு இல்லை.

1993-ல் இந்தியாவின் ஜெயந்த் நார்லிகர், ஜெஃப்ரி பர்பிட்ஜ் ஆகியோருடன் பழைய கொள்கையைத் திருத்திக் கொண்டுவந்தார். எடுபடவில்லை. 2001-ல் காலமானார்.

இரண்டு கணிப்புகளையும் சோதித்துப் பார்க்கும்படி தெளிவாகச் சொன்னவர் ஹாய்ல். ஒன்றில் தோற்றார், ஒன்றில் ஜெயித்தார். தோற்ற தீர்ப்பை மட்டும் அவரால் ஏற்க முடியவில்லை.