ஒரு ட்ரிகர், ஒரே அம்பு!

பி.எல்.சி. லேபில் பல்ஸ் டைமர் போட்டிருப்பீங்க. பட்டனை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ஒரே பல்ஸ். நேரம் முடிஞ்சதும் தானே அணையும்.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியும் அப்படித்தான். கடையெழு வள்ளல்களில் ஒருவர். விட்டது ஒரே அம்பு. யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூறு சொல்லுது. பாடிய வன்பரணர் கூட்டத்துக்கு மான்கறியும் பொன்னும் மணியும் தந்தவர், பாட்டில் தன்னைப் புகழ்ந்ததும் நாணிப்போனாராம்.

பிறகு திருமுடிக்காரியோடு நடந்த போரில் இறந்தார். மலை சேரன் வசமானது. செம்மேட்டில் சிலை இருக்கு. ஆடி 17, 18-ல் விழா.

நாண் முழுசா இழுபடலைன்னா அம்பு யானையிலேயே நின்றிருக்கும். நீங்களும் பல்ஸ் நேரத்தை ரொம்பக் குறைச்சு வெச்சா, அவுட்புட் விளக்கு மின்னும்; வால்வு திறக்காது. பார்த்து செட் பண்ணுங்க!