கல்லுக்குப் பெயரிட்ட சான்றோர்: சர் தாமஸ் ஹாலண்டு

களத்தில் வீழ்ந்த மறவனின் பெயரையும் பீடையும் கல்லிற் பொறித்து நட்டு வழிபடுதல் தமிழரின் தொன்மரபு. காட்சி முதலாக வாழ்த்து ஈறாக அதனை ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் வகுத்துரைக்கும். அங்கே கல் மனிதனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அம்மனிதனை அறிந்தோர் மறைந்த பின்னரும் கல் அவனுக்காகப் பேசுகிறது. இதற்கு நேர்மாறாக, ஒருவரின் கல்லறைமேற் கிடந்த கல் அவருடைய பெயரையே தன் இனப்பெயராகப் பெற்ற வரலாறும் உண்டு. அக்கல் நம் கல். சென்னையை அடுத்த குன்றுகளின் கல். அதற்குப் பெயர் சூட்டியவர் நிலவியல் அறிஞர் சர் தாமஸ் ஹென்றி ஹாலண்டு.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களில் நிற்பவர்க்கு மலையெனச் சொல்லத்தக்கது எதுவும் கண்ணிற் படுவதில்லை. ஏரிகளும் வயல்களுமாய் இருந்து, பின்னர்த் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளுமாய் மாறிய சமவெளி இது. வண்டலும் களிமண்ணும் செம்புரைக்கல்லும் இதன் மேற்போர்வை. அப்போர்வைக்கு அடியில், ஆழத்தில் கிடப்பது ஒரு பழம்பாறை. பூவிருந்தவல்லியிலிருந்து குன்றத்தூர் வழியாகப் பல்லாவரம் நோக்கிச் செல்வோர் அப்பாறை மண்ணைப் பிளந்துகொண்டு தலைகாட்டுவதைக் காணலாம். பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலை ஆகிய குன்றுகள் அதன் வெளிப்பாடுகளே. பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் பல்லாவரத்தில் குடைவித்த குடைவரை இப்பாறையிலேயே அமைந்தது. நம் வீடுகளுக்கும் சாலைகளுக்கும் வந்து சேர்ந்த கருங்கல் சல்லியிற் பெரும்பங்கு இக்குன்றுகளை உடைத்துப் பெற்றதே. ஆயிரமாண்டுகளாகக் கைக்கொண்ட இக்கல்லின் பிறப்பினை ஆராயும் முயற்சி 1890களில்தான் முழுமையாகத் தொடங்கிற்று.

பிறப்பும் கல்வியும்

ஹாலண்டு 1868ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால் பகுதியில், ஹெல்ஸ்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். கருங்கல் மேடுகளும் வெள்ளீயச் சுரங்கங்களும் நிறைந்த நாடு அது. பதினாறாம் வயதில் உதவித்தொகை பெற்று இலண்டன் அரச அறிவியல் கல்லூரியில் சேர்ந்தார். உயிரியல் அறிஞர் ஹக்ஸ்லியும் பாறையியல் அறிஞர் ஜட்டும் அங்கு அவருக்கு ஆசான்களாயினர். கல்லை மெல்லிய தகடாகத் தேய்த்து நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஆராயும் முறை அப்போது புதிதாக வேரூன்றி வந்தது. அக்கலையில் தேர்ச்சி பெற்ற ஹாலண்டு, 1890இல், தம் இருபத்திரண்டாம் அகவை நிறையுமுன்பே, இந்திய நிலவியல் அளவைத் துறையில் பணியேற்றுக் கல்கத்தா வந்தடைந்தார்.

வெள்ளத்தை முன்னுரைத்தல்

1893ஆம் ஆண்டு இமயமலையின் கர்வால் பகுதியில், கோனா என்னுமிடத்தில் மலைச்சரிவு ஏற்பட்டுப் பிரேகி கங்கையாற்றை அடைத்தது. ஏறத்தாழ 900 அடி உயரமுள்ள மண்ணணை தானே உருவாகிப் பெரியதோர் ஏரி தேங்கத் தொடங்கிற்று. அதனை ஆராய அனுப்பப்பட்ட ஹாலண்டு, நீர் சேரும் விரைவைக் கணக்கிட்டு, அடுத்த ஆண்டு ஆகஸ்டுத் திங்களின் நடுப்பகுதியில் நீர் அணையைக் கடந்து வழியும் என்று முன்னுரைத்தார். ஏரிக்கரையிலிருந்து தந்திக் கம்பி இழுக்கப்பட்டது. ஆற்றங்கரை மக்கள் மேட்டு நிலங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1894 ஆகஸ்டு 25ஆம் நாள் இரவில் அணை உடைந்தது. கர்வாலின் சீநகர் அழிந்தது. எச்சரிக்கையை மீறித் திரும்பிச் சென்ற பக்கிரி ஒருவரும் அவர் குடும்பத்தாருமாக ஐவர் நீங்கலாக, உயிரிழந்தார் எவருமிலர். எண்ணும் அளவையும் மக்களின் உயிர்காக்கும் கருவியாக அமைந்தமைக்கு இந்நிகழ்ச்சி சிறந்த சான்றாகும்.

கல்லறைக் கல்லும் பல்லாவரக் குன்றும்

கல்கத்தா நகரின் தொடக்கத்தோடு இணைத்துப் பேசப்படுபவர் ஜாப் சார்னாக் என்னும் கும்பினி வணிகர். வங்காளத்தில் நிலைகொள்ள இயலாது 1689இல் சென்னைக்கு வந்து, ஓராண்டுக்கு மேல் தங்கி, 1690 ஆகஸ்டில் ஊக்ளியாற்றங்கரைக்குத் திரும்பியவர். 1693இல் அவர் மறைந்தார். கல்கத்தாத் தூய ஜான் ஆலய வளாகத்தில் அவருடைய கல்லறை உள்ளது. அதன்மேல் அமைந்த கரும்பலகையை ஹாலண்டு ஆராய்ந்தார். வங்காளத்து வண்டல் நிலத்தில் அத்தகைய கல்லுக்கு இடமில்லை. அது சென்னைப் பகுதியிலிருந்து கடல்வழியே சென்ற கல் என்னும் முடிவுக்கு அவர் வந்தார்.

தோற்றத்தில் அது கிரானைட்டையே ஒத்திருந்தது. கிரானைட்டுக்குரிய குவார்ட்சும் பெல்ஸ்பாரும் அதில் இருந்தன. ஆயின், கிரானைட்டில் வழக்கமாகக் காணப்படும் காக்கைப்பொன்னுக்கு மாறாக, ஹைபர்ஸ்தீன் என்னும் கனிமம் அதில் இடம்பெற்றிருந்தது. முனைவாக்கிய ஒளியில் தகட்டைச் சுழற்றும்போது பசுமையிலிருந்து இளஞ்சிவப்புக்கு நிறம் மாறும் இயல்பினால் அக்கனிமம் தன்னைக் காட்டிக்கொடுத்தது. இரும்பும் மக்னீசியமும் கலந்த சிலிக்கேட் அது. இவ்வியல்புடைய பாறைக்கு 1893இல் சார்னோக்கைட்டு என்று பெயரிட்டார் ஹாலண்டு. கல்லறையிற் கிடந்தவர் பெயர் இவ்வாறு கல்லின் பெயராயிற்று.

பெயரிட்டதோடு அவர் அமையவில்லை. பல்லாவரம், பரங்கிமலை, சேர்வராயன் மலை, நீலமலை என அப்பாறை தோன்றும் இடந்தோறும் ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி 1900இல் பெருநூலாக வெளிவந்தது. சிலிக்கா மிகுந்த வெளிறிய பாறையிலிருந்து சிலிக்கா குறைந்த கரும்பாறை வரை நான்கு படிகளாக அவற்றை வகுத்தார். பரங்கிமலைப் பாறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 75 பங்கு சிலிக்கா. கரும்பாறைகளிலோ 50 பங்கினை ஒட்டியது. இவையனைத்தும் ஒரே பாறைக்குழம்பிலிருந்து படிப்படியாகப் பிரிந்து இறுகிய உடன்பிறப்புகள் என்பது அவர் கொள்கை.

பாறைக்குழம்பு குளிரும் முறையை அறிந்தால் இக்கொள்கை விளங்கும். மாக்மா எனப்படும் அக்குழம்பு பூமியின் ஆழத்தில் மெல்லக் குளிரும்போது எல்லாக் கனிமங்களும் ஒருங்கே படிகமாவதில்லை. இரும்பும் மக்னீசியமும் மிகுந்தவை முன்னே இறுகும். எஞ்சிய நீர்மத்தில் சிலிக்காவும் பொட்டாசியமும் சோடியமும் செறியும். இறுதியிற் பொட்டாசியப் பெல்ஸ்பாரும் குவார்ட்சும் படிகமாகக் கிரானைட்டு பிறக்கும். கரும்புச்சாற்றைக் காய்ச்சிக் கற்கண்டு எடுப்போர், படிகம் பிரியப் பிரிய எஞ்சும் பாகின் தன்மை மாறுவதை அறிவர். அதனோடு இதனை ஒருவாறு ஒப்பிடலாம். குழம்பில் நீர் மிகுந்திருப்பின் இரும்பும் மக்னீசியமும் நீர்க்கூறினை ஏற்றுக் காக்கைப்பொன்னாகும். நீர் மிகக் குறைந்து வெப்பம் மிகுந்திருப்பின் ஹைபர்ஸ்தீனாகும். எனவே ஹைபர்ஸ்தீன் என்னும் ஒரு கனிமமே, அப்பாறை பிறந்த இடம் வறட்சியும் கடுவெப்பமும் உடையது என்று உணர்த்தும் சான்றாகிறது.

உயர்வும் இழுக்கும்

1903இல் ஹாலண்டு துறையின் தலைமையை ஏற்றார். அவ்வுயர்வில் ஒரு வடு உண்டு. அவருக்குப் பத்தாண்டு முன்னரே, 1880இல், அத்துறையிற் சேர்ந்த வங்காள அறிஞர் பிரமதநாத் போசு பின்தள்ளப்பட்டார். அவ்வாண்டே போசு பதவியைத் துறந்தார். பின்னர் மயூர்பஞ்சு நாட்டிற்குப் பணியாற்றச் சென்று, அங்குக் கண்ட இரும்புத்தாதினைப் பற்றி 1904இல் ஜாம்செட்ஜி டாட்டாவுக்கு எழுதினார். ஜாம்செட்பூர் எஃகாலைக்கு அம்மடல் வித்தாயிற்று. அறிவினால் ஹாலண்டு உயர்ந்தவரே. எனினும் அயலாட்சி அவ்வறிவை மட்டும் எடைபோட்டு அவரை உயர்த்தியதாகக் கொள்வதற்கில்லை. ஒருவர் வரலாற்றை எழுதுங்கால் அவர் நிழலில் மறைந்தவரையும் நினைத்தல் கடன்.

1909இல் இந்தியாவை விட்டு மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியராகச் சென்ற ஹாலண்டு, 1916இல் இந்தியத் தொழில் ஆணையத்தின் தலைவராக மீண்டும் வந்தார். இந்நாட்டின் தொழில் வளர்ச்சியில் அரசு நேரடிப் பங்கேற்க வேண்டும் என்றும், தொழிற்கல்வி பெருக வேண்டும் என்றும் 1918இல் வெளிவந்த அவ்வாணையத்தின் அறிக்கை பரிந்துரைத்தது. இந்தியத் தொழில்கள் நலிந்தமைக்கு ஆங்கில ஆட்சியின் போக்கே காரணம் என்று மதன்மோகன் மாளவியா அதில் மாற்றுக் குறிப்பு எழுதிச் சேர்த்தார். அரசு முன்னின்று வளர்த்த ஆலைகளாலும் தொழிற்பேட்டைகளாலும் ஊரின் முகமே மாறிய ஆவடி, அம்பத்தூர் மக்களுக்கு அவ்வறிக்கையின் நோக்கம் அயலானதன்று.

பின்னர் ஆளுநர் தலைவரின் நிருவாகக் குழுவில் இடம்பெற்ற அவர், போர்த்தளவாட மோசடி வழக்கொன்று திரும்பப் பெறப்பட்டமையால் எழுந்த கண்டனத்தின் விளைவாக 1921இல் பதவி விலகினார். அதன்பின் இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் தலைவராகவும், 1929 முதல் 1944 வரை எடின்பரோப் பல்கலைக்கழகத்தின் முதல்வராகவும் பணியாற்றினார். 1947 மே திங்களில், இந்திய விடுதலைக்கு மூன்று திங்கள் முன்னர், அவர் மறைந்தார்.

கொள்கை மாறினும் பெயர் நிலைத்தது

அவர் மறைவுக்குப் பின்னும் சென்னைக் குன்றுகள் வினாக்களை எழுப்பிக்கொண்டேயிருந்தன. 1955இல் ஹோவி என்னும் ஆங்கில அறிஞர் இப்பாறைகளின் கனிமங்களைத் தனித்தனியே பிரித்து வேதியியல் முறையில் ஆராய்ந்தார். இவை குழம்பிலிருந்து பிறந்தவையே என்றும், பின்னர் ஆழத்தில் திண்ம நிலையிலேயே மீண்டும் படிகமாயின என்றும் அவர் காட்டினார். 1959இல் ஏ. பி. சுப்பிரமணியம் பல்லாவரப் பகுதியை மீண்டும் ஆராய்ந்து, வெளிறிய பாறைகளே உண்மையான சார்னோக்கைட்டு என்றும், கரும்பாறைகள் வேறு பிறப்பின என்றும் நிறுவினார். 1960இல் சி. எஸ். பிச்சமுத்து கன்னட நாட்டில் பழைய நைசுப்பாறையே இருந்த இடத்தில் சார்னோக்கைட்டாக மாறுவதைக் கண்டு எழுதினார். ஒரே குழம்பின் உடன்பிறப்புகள் என்ற ஹாலண்டின் கொள்கை அவர் வகுத்த வடிவில் இன்று நிற்கவில்லை. ஒரு கனிமம் இரும்பையும் மக்னீசியத்தையும் எவ்வளவு ஏற்றுள்ளது என்பதை அளந்தே அது படிகமான வெப்பத்தைக் கணிக்கும் முறைகள் பின்னர் வளர்ந்தன. நம் குன்றுகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகட்கு முன், பல கல் தொலைவு ஆழத்தில் வெந்து உருவானவை என்று இன்று அறிகிறோம்.

சார்னாக்கின் நிலையும் மாறிற்று. அவரைக் கல்கத்தாவை நிறுவியவர் எனக் கொள்வதற்கில்லை என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 2003இல் முடிவு கூறியது. நகரின் மீதிருந்த உரிமை போயிற்று. கல்லின் மீதான பெயர் போகவில்லை. அண்டார்டிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இவ்வினப் பாறையைக் காண்போர் அப்பெயராலேயே அதனை அழைக்கின்றனர்.

பல்லாவரத்துக் கல் கடல் கடந்து சென்றது. அயலார் ஒருவரின் கல்லறையில் அமைந்தது. மற்றோர் அயலாரின் கண்ணிற் பட்டது. அதன்பின் உலகப் பெயர் பெற்றது. அதனைக் குடைந்த தச்சர் பெயரோ உடைத்த உழைப்பாளர் பெயரோ எதிலும் பொறிக்கப்படவில்லை. பரங்கிமலைச் சார்னோக்கைட்டு இன்று தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாகப் பேணப்படுகிறது. சுற்றியுள்ள குன்றுகள் பல சல்லியாய்க் கரைந்துவிட்டன. காலடியிற் கிடப்பதன் அருமையைக் காணும் பார்வையே ஹாலண்டின் வாழ்வு நமக்கு விட்டுச்சென்ற செல்வம். நடுகல் மரபின் முதல்நிலையும் காட்சியே. நம் கல்லை நாமே காணக் கற்பதே அச்சான்றோர்க்கும், பெயரறியா அவ்வுழைப்பாளர்க்கும் நாம் செலுத்தும் நன்றியாகும்.