கணக்கெடுத்த கருணை

கைவிளக்கேந்திய காரிகை என்றதும் நம் பள்ளியின் சின்னஞ்சிறு மாணவியும் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரைச் சொல்லிவிடுவாள். மாறுவேடப் போட்டியில் ஆண்டுதோறும் ஒருத்தியாவது வெள்ளைத் துணியைத் தலையில் கட்டி, விளக்கைப் பிடித்துக்கொண்டு மேடையேறுகிறாள். அந்த அம்மையாரின் மற்றொரு கையில் எப்போதும் ஒரு கணக்கேடு இருந்தது என்பதை மட்டும் நாம் மறந்துவிடுகிறோம். விளக்கைக் காட்டிலும் அந்த ஏடு காப்பாற்றிய உயிர்களே மிகுதி என்பது என் துணிபு. ஆகவே இக்கட்டுரை அந்த ஏட்டைப் பற்றியது.

1820-ஆம் ஆண்டு மே திங்கள் 12-ஆம் நாள் இத்தாலி நாட்டின் புளோரன்ஸ் நகரில் அவர் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே அவருக்கும் வைக்கப்பட்டது. பெற்றோர் செல்வம் மிக்க ஆங்கிலேயர். கோடைக்கு ஒரு மாளிகை, குளிர்காலத்துக்கு ஒரு மாளிகை என வாழ்ந்தவர்கள். தந்தையார் தம் இரு பெண்மக்களுக்கும் இலத்தீன், கிரேக்கம், வரலாறு ஆகியவற்றைத் தாமே கற்பித்தார். மூத்தவள் தையலுக்கும் ஓவியத்துக்கும் ஓடிவிட, இளையவள் கணக்கு வேண்டும் என்று அடம்பிடித்தாள். பெண்ணுக்குக் கணக்கு எதற்கு என்று தாயார் கவலைப்பட்டார். அந்தக் கவலை இன்றும் சில வீடுகளில் தீர்ந்தபாடில்லை!

பதினாறாம் வயதில், 1837 பிப்ரவரியில், கடவுள் தம்மைத் தம் பணிக்கு அழைப்பதாக அவர் உள்ளத்தில் உணர்ந்தார். என்ன பணி என்பது விளங்கச் சில ஆண்டுகள் ஆயின. நோயாளிகளைப் பேணுவதே அப்பணி எனத் தெளிந்து வீட்டில் சொன்னபோது பெரும் புயல் வீசியது. அந்நாளில் ஆங்கில மருத்துவமனைச் செவிலியர் குடிகாரிகள் என்று பெயர் வாங்கியிருந்தனர். குடும்பம் இசையவில்லை. அவரோ, வீட்டார் துயில் எழுமுன் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக்கொண்டு மருத்துவமனை அறிக்கைகளையும் அரசாங்கச் சுகாதார ஏடுகளையும் படித்துக் குறிப்பெடுத்தார். எத்தனை கட்டில்கள், எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் பிழைத்துப் போயினர் என்று பக்கம் பக்கமாக எழுதினார். 1848-இல் உரோமாபுரியில் திரு இருதய சபைக் கன்னியர் மடத்தில் சில நாள் தியானம் செய்தார். 1851-இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் மூன்று மாதம் பயிற்சி பெற்றார். 1853-இல் லண்டன் ஹார்லி தெருவில் நோயுற்ற பெண்களுக்கான ஒரு சிறு இல்லத்தை ஏற்று நடத்தினார். அங்கே கத்தோலிக்கரைச் சேர்க்கலாகாது என்றனர் நிர்வாகக் குழுவினர். எச்சமயத்தவரையும் சேர்ப்பதாயின் இருப்பேன், இல்லையேல் விலகுவேன் என்று உறுதியாக நின்று வென்றார். அவர் கத்தோலிக்கர் அல்லர் என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

1854-இல் ரஷ்யாவுக்கு எதிராக இங்கிலாந்தும் பிரான்சும் கிரிமியப் போரில் இறங்கின. காயமுற்ற ஆங்கில வீரர்கள் பேணுவாரின்றி மடிவதாக லண்டன் டைம்ஸ் பத்திரிகை எழுத, நாடே கொதித்தது. அமைச்சரும் நண்பருமான சிட்னி ஹெர்பர்ட் வேண்ட, 38 பெண்களுடன் அம்மையார் அக்டோபரில் புறப்பட்டார். அவர்களுள் 10 பேர் கத்தோலிக்கக் கன்னியர். லண்டனின் பெர்மாண்ட்சி மடத்திலிருந்து வந்த இரக்கத்தின் சகோதரிகள் சபையினர் ஐவருக்கு அன்னை மேரி கிளேர் மூர் தலைவி. தலைமைப் பொறுப்புக்குத் தம்மைவிட அன்னை கிளேரே தகுதியானவர் என்று அம்மையார் பின்னாளில் அவருக்கே எழுதினார். பிறகு வந்து சேர்ந்த ஐரிஷ் கன்னியர் குழுவோடு அவருக்கு மனத்தாங்கல் இருந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. இரு பக்கத்திலும் பிடிவாதம் இருந்தது.

துருக்கியின் ஸ்கூட்டாரியில் ஒரு பெரிய படைவீடே மருத்துவமனையாக மாற்றப்பட்டிருந்தது. நடைகூடங்களிலும் தரையிலும் நோயாளிகள் வரிசை வரிசையாகக் கிடந்தனர். துணி இல்லை, சோப்பு இல்லை, தட்டு இல்லை. அம்மையார் பொருள் வாங்கினார், சமையலைத் திருத்தினார், வெளுக்க ஏற்பாடு செய்தார். இரவில் விளக்கோடு வலம் வந்தார். இவையெல்லாம் நம் பாடநூலில் உள்ளவை. பாடநூலில் இல்லாத செய்தி ஒன்று உண்டு: அவர் வந்தபின்னும் சாவு குறையவில்லை, கூடியது. 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு ஏறக்குறைய 42 பேர் இறந்தனர்.

அங்கிருந்த சாவுக் கணக்கோ அலங்கோலம். அலுவலகத்துக்கு அலுவலகம் பதிவேடு வேறு. ஒன்றின் கூட்டுத்தொகை மற்றொன்றோடு ஒத்துவரவில்லை. இறந்தவரின் எண்ணிக்கையே தெரியாத இடத்தில், எதனால் இறந்தார் என்று யாரிடம் கேட்பது?

மார்ச்சு மாதம் லண்டனிலிருந்து சுகாதாரக் குழு ஒன்று வந்தது. டாக்டர் சதர்லண்டும் பொறியாளர் ராலின்சனும் கட்டடத்தின் அடியில் பார்த்தனர். அடைபட்ட சாக்கடையின் மேலேயே மருத்துவமனை நின்றது. அதன் நச்சுக் காற்று நோயாளிகளின் கூடங்களுக்குள் ஏறியது. செத்த விலங்குகளையும் வண்டி வண்டியாகக் குப்பையையும் அகற்றினர், சாக்கடையைக் கழுவினர், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தனர், காற்றோட்டத்துக்கு வழி செய்தனர். ஜூன் மாதத்தில் சாவு நூற்றுக்கு 2 என்ற அளவுக்கு இறங்கிவிட்டது.

1856 ஆகஸ்டில் அவர் தாயகம் திரும்பியபோது வரவேற்க ஊரே காத்திருந்தது. அவர் வேறு பெயரில் பயணம் செய்து வந்து, லண்டனில் முதலில் போன இடம் பெர்மாண்ட்சி கன்னியர் மடம். அன்று அங்கே தியான நாள். அன்னை கிளேரோடு சில மணி நேரம் இருந்துவிட்டு, தனியே இரயிலேறி வீடு போய்ச் சேர்ந்தார்.

அடுத்த ஆண்டுதான் அவர் வாழ்வின் கடுமையான சோதனை. அரச விசாரணைக் குழுவுக்காகப் போர்க்காலச் சாவுகளைத் தொகுக்க வேண்டியிருந்தது. பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தின் வில்லியம் ஃபார் என்பவர் துணைக்கு வந்தார். ஏழைக் குடும்பத்தில் பிறந்து புள்ளிவிவரத்தில் மேதையானவர். இருவரும் ஏடுகளை ஒப்பிட்டனர். குண்டடிபட்டு இறந்தவரைவிட வாந்திபேதி, சீதபேதி, நச்சுக் காய்ச்சல் இவற்றால் இறந்தவரே பன்மடங்கு எனத் தெரிந்தது. அத்தோடு நிற்கவில்லை. போர்முனையில், வசதியே இல்லாத கூடாரங்களில் இயங்கிய சிறு மருத்துவமனைகளைவிட, அம்மையார் இருந்த ஸ்கூட்டாரியில் சாவு விகிதம் கூடுதலாக இருந்தது.

இதை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். வீரர்கள் பட்டினியாலும் களைப்பாலும் சாகும் தறுவாயில் வந்ததாலேயே இறந்தனர் என்றுதான் அவர் அதுவரை பெரிதும் நம்பியிருந்தார். நாடு முழுவதும் அவரைத் தேவதை என்று பாடிக்கொண்டிருந்தது. அவர் போர்வை போர்த்திக் கண்ணை மூடிவிட்ட இளைஞர்களில் பலர், அந்தக் கட்டடத்துக்குள் கொண்டுவரப்பட்டதாலேயே இறந்தார்கள் என்கிறது கணக்கு. 1857 ஆகஸ்டில் அவர் உடைந்து படுக்கையில் விழுந்தார். கிரிமியாவில் பற்றிய காய்ச்சலின் விளைவு என்பர் மருத்துவர். கணக்கு தந்த அதிர்ச்சியும் சேர்ந்தது என்பர் சில வரலாற்றாசிரியர். எப்படியாயினும் அவர் அந்த எண்களை மறைக்கவில்லை. 800 பக்கத்துக்கு மேற்பட்ட அறிக்கையில் ஸ்கூட்டாரியின் கணக்கை விரிவாக எழுதி, 1858-இல் அச்சிட்டுத் தக்கவர் கையில் சேர்த்தார்.

நம் சமூக சேவைச் சங்கத்தின் ஆண்டறிக்கையை இவ்விடத்தில் நினைத்துக்கொண்டேன். எத்தனை சேலை கொடுத்தோம், எத்தனை கிலோ அரிசி அளந்தோம் என்று எழுதுகிறோம். வாங்கிப் போன வீட்டில் அடுத்த மாதம் பிள்ளை பள்ளிக்குத் திரும்பினானா என்று எழுத நமக்கு ஒரு கட்டம் கூட இல்லை. குறை சொல்லவில்லை; அந்த அறிக்கையைச் சில ஆண்டுகள் எழுதியவள் நான்தான்.

புள்ளிவிவரம் வறட்சியாக இருப்பதே அழகு என்று ஃபார் கருதினார். அம்மையார் கேட்கவில்லை. எண் வரிசையைக் கண்டால் அமைச்சர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். எனவே ஒரு வட்டத்தைப் பன்னிரு மாதமாகப் பிரித்தார். தடுத்திருக்கக்கூடிய நோய்களால் வந்த சாவுக்கு நீலம், காயத்தால் வந்த சாவுக்குச் சிவப்பு, மற்றவற்றுக்குக் கறுப்பு. படத்தைப் பார்த்த மாத்திரத்தில் நீலம் விரிந்து கிடப்பது கண்ணில் படும். சமாதான காலத்தில்கூட, இங்கிலாந்தின் படைவீடுகளில் வாழ்ந்த இளம் வீரர்கள் அதே வயதுப் பொதுமக்களைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு இறந்தனர் என்றும் காட்டினார். படைவீடுகள் திருத்தப்பட்டன, சில ஆண்டுகளில் அச்சாவு பாதியாயிற்று. லண்டன் புள்ளிவிவரக் கழகம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராக ஏற்றது. மருத்துவமனைகள் யாவும் ஒரே மாதிரிப் படிவத்தில் கணக்கு வைக்க வேண்டும் என்று அவர் தயாரித்த திட்டத்தை 1860-இல் லண்டனில் கூடிய உலகப் புள்ளிவிவர மாநாடு ஏற்றது. படிவம் மிகவும் சிக்கலாக இருந்ததால் மருத்துவமனைகள் சிறிது காலத்தில் கைவிட்டன. நிரப்புகிறவரின் நேரத்தையும் அவர் கணக்கிட்டிருக்கலாம்.

பொதுமக்களும் போர்வீரரும் அவர் பெயரால் திரட்டித் தந்த நிதி 44,000 பவுனுக்கு மேல். அதைக்கொண்டு 1860-இல் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பள்ளி தொடங்கியதை எல்லாரும் அறிவர். அதே நிதியில், கிராமங்களுக்கு மருத்துவச்சிகளைப் பயிற்றுவிக்க, கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் ஒரு பிரசவக் கூடமும் நடந்தது. ஏழைத் தாய்மார் வந்தனர். பயிற்சியும் நன்கு நடந்தது. நன்றிக் கடிதங்கள் குவிந்திருக்கும். ஆனால் சில தாய்மார் பிரசவ ஜன்னியில் இறந்தனர். எண்ணிப் பார்த்தபோது ஆயிரம் பேறுக்கு 30 தாய்மாருக்கு மேல் இறந்திருந்தனர். இங்கிலாந்து முழுவதிலும், பெரும்பாலும் வீட்டிலேயே பிள்ளை பெற்றவர்களிடையே, ஆயிரத்துக்கு ஏறக்குறைய 5 பேரே இறந்தனர். இருட்டுக் குடிசையில் பெற்றவள் பிழைக்கிறாள், வெள்ளை விரிப்பில் பெற்றவள் சாகிறாள்!

என்ன செய்வது? பணம் கொடுத்தவர்களுக்கு என்ன பதில்? அம்மையார் 1867-இல் அந்தக் கூடத்தை மூடச் செய்தார். பிறகு ஐரோப்பாவின் பிரசவ மருத்துவமனைகளுக்கெல்லாம் எழுதிக் கணக்குக் கேட்டார். பெரும்பாலோர் தாய்மார் சாவைத் தனியே பதிவு செய்ததே இல்லை. கிடைத்ததை வைத்து 1871-இல் ஒரு நூல் வெளியிட்டார். மருத்துவச்சியாக இருந்த சாக்ரட்டீசின் தாயாருக்கு அதை வேடிக்கையாகக் காணிக்கையாக்கினார். பலரை ஒரே கூடத்தில் சேர்த்தால் சாவு மிகும் என்பது நூலின் முடிவு. மருத்துவரின் கழுவாத கை வழியே கிருமி பரவுகிறது என்பதை அவர் அன்று அறியவில்லை. கெட்ட காற்றே காரணம் என்று நெடுங்காலம் நம்பினார். காரணத்தைத் தவறாகக் கொண்டவரை, எண்கள் சரியான வாசலில் கொண்டுபோய் நிறுத்தின.

நம் நாட்டுக்கு அவர் வந்ததே இல்லை. ஆயினும் 1859-இல் இந்தியப் படைச் சுகாதாரம் பற்றி அமைந்த அரச குழுவுக்காக, இங்குள்ள இராணுவ முகாம்களுக்கெல்லாம் கேள்விப் படிவம் அனுப்பினார். குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்டார். வந்த விடைகளைப் படுக்கையில் இருந்தபடியே படித்தார். ஆண்டுக்கு ஆயிரம் வீரரில் 69 பேர் இறந்தனர் என்று 1863 அறிக்கை கூறியது. பத்தாண்டு கழித்து அது 18 ஆகக் குறைந்தது என்று அவரே எழுதினார். வீரரைப் பற்றித் தொடங்கிய விசாரணை, அவ்வீரர் வாழ்ந்த ஊர்களின் உழவரிடம் வந்து சேர்ந்தது. கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்டிய சர் ஆர்தர் காட்டனை அவர் பெரிதும் மதித்தார். பாசனம் இருந்தால் பஞ்சம் தணியும் என வாதாடினார். எந்தப் பாசனத் திட்டம் எவ்வளவு பலன் தந்தது என்று அவர் கேட்டபோது அதிகாரிகள் தந்த கணக்குகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணம் பஞ்சத்தில் வாடியபோது அவர் பத்திரிகையில் எழுதிய கட்டுரை ஆங்கிலேயருக்கு உறைத்தது, பிடிக்கவில்லை.

1891-இல், எழுபது வயது கடந்தபின், ஆக்ஸ்போர்டில் சமுதாயப் புள்ளிவிவரத்துக்கு ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்த முயன்றார். தாமும் பணம் தருவதாகச் சொன்னார். பள்ளிக்குச் சென்ற பிள்ளைகளில் எத்தனை பேர் கற்றதை மறந்துவிடுகிறார்கள், சிறையிலிருந்து வெளிவருவோரில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்பன போன்ற கேள்விகளை அங்கே ஆராய வேண்டும் என்று பட்டியலிட்டார். அரசாங்கத்திடம் எண்கள் மலைபோல் குவிந்துள்ளன, எடுத்துப் பயன்படுத்தத்தான் ஆளில்லை என்பது அவருடைய ஏக்கம். அம்முயற்சி கைகூடவில்லை.

கண்பார்வை மங்கி, நினைவும் தளர்ந்து, 1910 ஆகஸ்ட் 13-ஆம் நாள் தம் 90-ஆம் வயதில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்ய அரசு முன்வந்தது. ஆடம்பரம் வேண்டாம் என்ற அவர் விருப்பப்படி குடும்பத்தார் மறுத்துவிட்டனர். ஈஸ்ட் வெல்லோ கிராமத்துக் கோயில் முற்றத்தில், பெற்றோர் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தனர். கல்லில் அவருக்கென்று பொறித்தவை பெயரின் முதல் எழுத்துகள் இரண்டும், பிறந்த நாளும் இறந்த நாளுமே.