கோணல் எழுத்தில் ஒரு வசந்தம்

ஆரணியில் தறி ஓடும் வீடுகளில் எல்லோரும் அறிந்த செய்தி ஒன்று உண்டு. அச்சில் ஒரு பல் வளைந்துவிட்டால், நெய்யும் துணி நெடுக மெல்லிய கோடு ஒன்று விழுந்துகொண்டே வரும். வாங்குபவர் கண்ணுக்கு அது குறை. நெய்தவருக்கோ அது தன் தறியின் அடையாளம். ஒரு பழுதே ஒருவரை இன்னாரென்று காட்டிக்கொடுக்கும் இந்த உண்மையை வைத்து, நூறாண்டுகளுக்கு முன் நியூயார்க்கில் ஒருவர் காதல் கதை எழுதினார். பள்ளி ஆங்கிலப் பாடநூல்கள் வழியாக நம்மில் பலருக்கு அறிமுகமான ஓ. ஹென்றிதான் அவர்.

வில்லியம் சிட்னி போர்ட்டர் என்பது அவரது இயற்பெயர். 1862-இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்தவரை அத்தை வளர்த்துப் படிக்க வைத்தார். உறவினரின் மருந்துக்கடையில் தொழில் கற்று, இருபது வயதளவில் டெக்சாஸ் சென்றார். 1887-இல் ஏதலைக் காதலித்து மணந்தார். ஆஸ்டின் நகர வங்கியில் காசாளராக இருந்தபோது கணக்கில் பணம் குறைய, கையாடல் குற்றம் அவர்மீது விழுந்தது. 1896-இல் விசாரணைக்கு முன்பே ஹோண்டுராஸுக்குத் தப்பினார். காசநோயால் மனைவி மரணப் படுக்கையில் இருப்பதை அறிந்ததும், சிறை உறுதி என்று தெரிந்தே திரும்பி வந்தார். 1897 ஜூலையில் ஏதல் இறந்தார். மறு ஆண்டு ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

ஒஹையோ சிறையில் பழைய மருந்துக்கடை அனுபவம் கைகொடுத்தது. இரவு நேர மருந்தாளராகப் பணிபுரிந்துகொண்டே கதைகள் எழுதிப் புனைபெயர்களில் வெளியிட்டார். தந்தை தொழில் நிமித்தம் வெளியூர் சென்றிருப்பதாகவே மகள் மார்கரெட்டுக்குச் சொல்லப்பட்டது. நன்னடத்தையால் 1901-இல் விடுதலையான அவர், அடுத்த ஆண்டு நியூயார்க்கில் குடியேறி, நாளிதழொன்றுக்கு வாரம் ஒரு கதை எழுதலானார்.

அந்நகரில் பொருட்படுத்தத்தக்கவர்கள் நானூறு பேரே என்று செல்வர் உலகம் பேசிக்கொண்டிருந்தது. அதற்கு மறுமொழியாக, 1906-இல் வெளியிட்ட தொகுப்புக்கு நகரின் மொத்த மக்கள்தொகையான நாற்பது லட்சத்தையே தலைப்பாக்கினார். அந்த வசந்தகாலக் காதல் கதை அதில்தான் இருக்கிறது.

கதைநாயகி சாரா ஒரு தட்டச்சுக்காரி. பக்கத்து உணவகத்தின் இருபத்தொரு மேசைகளுக்கும் உணவுப் பட்டியல் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. மூன்று வேளைச் சாப்பாடு அதற்குக் கூலி. வசந்தம் பிறந்ததும் மணம் முடிப்பதாகச் சொன்ன விவசாயி வால்டரிடமிருந்து இரண்டு வாரமாகக் கடிதம் இல்லை. அன்றைய பட்டியலிலோ, முன்பு அவன் அவளுக்கு முடியாகச் சூட்டிய மஞ்சள் பூச்செடியின் கீரை, முட்டையோடு சேர்ந்த பதார்த்தமாக வந்து நிற்கிறது. கண்ணீர் மல்க அடித்து முடிக்கிறாள். மாலையில் வால்டரே வாசலில் நிற்கிறான். அவள் வீடு மாறியதால் ஒரு வாரமாக நகரெங்கும் தேடியவன், தற்செயலாக அந்த உணவகத்தில் பட்டியலைப் பார்த்திருக்கிறான். வரியைவிட்டு மேலேறி நிற்கும் ஒரு கோணல் எழுத்து, அது அவள் இயந்திரம் என்று சொல்லிவிட்டது. கீரையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அன்புமொழியோடு அவன் பெயரே அச்சாகியிருந்தது. முட்டை மட்டும் இடம் மாறவில்லை.

நாம் சிரிக்கிறோம், ஆனால் சாராவைப் பார்த்துச் சிரிப்பதில்லை. ஓ. ஹென்றி முதலில் கேலி செய்வது, கதையைச் சரியாகத் தொடங்கத் தெரியாத தன்னைத்தான். பிறகு வசந்தத்தை நாள்காட்டியில் மட்டும் காட்டிவிட்டுக் குளிரில் நடுங்கவைக்கும் நகரத்தைச் சீண்டுகிறார். சோற்றுக்கு உழைப்பவளின் துயரத்தை மட்டும் அவர் தொடுவதில்லை. அவளது குணத்தையும் வருணனையால் சொல்வதில்லை. அழுதுகொண்டே வேலையை முடிக்கும் அந்த ஒரு செயல் அவளை முழுதாகக் காட்டிவிடுகிறது. மனம் எங்கோ இருக்க விரல்கள் செய்த பிழையே கதையின் மகிழ்ச்சிக்கும் வழி திறக்கிறது.

தற்செயல்களை அளவுக்கு மீறி நம்பியவர் என்று விமர்சகர்கள் அவரைக் குறை கூறுவதுண்டு. குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும், பிரிவின் முடிவில் மனைவியின் மரணத்தைக் கண்டவர், தன் பாத்திரத்துக்கு மட்டும் வேறொரு முடிவைக் கொடுத்தார் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1910 ஜூன் 5 அன்று, 47 வயதில் அவர் இறந்தார். அவர் எழுதிய தட்டச்சுக்காரிகளின் பெயர்கள் எந்த உணவகப் பட்டியலிலும் அச்சாகவில்லை. ஆரணிப் பட்டின் முந்தானையிலும் நெய்தவர் பெயர் இருப்பதில்லை. அடுத்த முறை சேலையை விரித்துப் பார்க்கும்போது மெல்லிய கோடொன்று கண்ணில் பட்டால், விலையைக் குறைக்கச் சொல்வதற்கு முன், தறியில் அமர்ந்திருந்தவர் அன்று எதை நினைத்துக்கொண்டிருந்தாரோ என்று ஒரு கணம் யோசிக்கலாம்.