பதவியை உதறிய துணைவேந்தர்

காட்பாடியிலிருந்து திருப்பதி செல்லும் ரயில் சித்தூரில் நிற்கும்போது, கட்டமஞ்சி என்ற பெயரை நினைப்பவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. இன்று நகரோடு ஒன்றிவிட்ட அவ்வூரில்தான் 1880-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி ராமலிங்க ரெட்டி பிறந்தார். பின்னாளில் சர் சி.ஆர். ரெட்டி என்று புகழ் பெற்றவர் இவரே. அப்போது சித்தூர், வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தது. தனி ஜில்லா அமைந்தது 1911-ல்தான்.

சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படிக்கும்போதே, உடைப்பெடுத்த ஏரிக்குத் தன்னுயிரைத் தந்த முசலம்மாவின் கதையைத் தெலுங்குக் காவியமாக எழுதினார். பிறகு அரசாங்க உபகாரச் சம்பளத்தில் கேம்பிரிட்ஜ் சென்றார். திரும்பியதும் பரோடாவில் சில காலம், அடுத்து மைசூர். அங்கே மகாராஜா கல்லூரி முதல்வராகவும், கல்வித் துறையின் தலைமை அதிகாரியாகவும் உயர்ந்தார். அரசுப் பள்ளிகளில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளும் சேர வழி செய்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அதை எதிர்த்தவர்கள் அன்று ஏராளம்.

1921-ல் அந்த உத்தியோகத்தை விட்டுச் சித்தூருக்கே வந்து சேர்ந்தார். நீதிக் கட்சியில் இருந்தவர், அதனுடன் பிணங்கி, 1923 நவம்பரில் பனகல் அரசர் மந்திரிசபை மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வந்தார். 44-க்கு 65 என்ற வாக்குகளில் அது தோற்றது.

1926-ல் ஆந்திரப் பல்கலைக்கழகம் பிறந்தபோது முதல் துணைவேந்தர் அவர்தான். கட்டடம் இல்லை, ஆசிரியர்கள் இல்லை, எந்த ஊரில் அமைப்பது என்பதிலேயே சண்டை. பெஜவாடாவில் தொடங்கியது கடைசியில் வால்டேருக்குப் போயிற்று. ராயலசீமைக்காரர்களுக்கு அது வெகு தூரம். அப்பகுதிக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடேயே இருந்துவிட்டன. தாம் வளர்த்த பல்கலைக்கழகம் தம் சொந்தச் சீமைக்குப் பயன்படாமற் போனதை விதியின் விளையாட்டென்றே சொல்ல வேண்டும்.

1930-ல் காந்திஜி கைதானார். நாடெங்கும் அடக்குமுறை. அதைக் கண்டித்துத் துணைவேந்தர் பதவியை ராஜினாமா செய்தார் ரெட்டி. மாதச் சம்பளத்தை நம்பி வாழும் நம்மைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு அந்தக் கையெழுத்தின் கனம் விளங்கும். தாம் நட்ட செடி துளிர்க்கத் தொடங்கிய வேளையில் அதை விட்டு வெளியேறினார்.

அவருக்குப் பின் வந்தவர் யார் தெரியுமா? திருப்பதிப் பள்ளியில் படித்த திருத்தணிக்காரர் டாக்டர் ராதாகிருஷ்ணன். 1960-ல் தமிழ்நாட்டில் சேரும் வரை திருத்தணியும் சித்தூர் ஜில்லாவே. ஆக, ஒரே ஜில்லாக்காரர் இருவர் அடுத்தடுத்து அந்த நாற்காலியில் அமர்ந்தனர்.

1936-ல் ரெட்டி மீண்டும் துணைவேந்தரானார். இம்முறை 13 ஆண்டுகள். 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில் ஜப்பானியர் குண்டு வீசினர். பல்கலைக்கழகம் குண்டூருக்குக் குடிபெயர்ந்தது. வகுப்புகளையும் பரீட்சைகளையும் வேற்றூரில் நடத்திக் காட்டி, 1946-ல் வால்டேருக்குத் திரும்பச் செய்தார். யுத்த காலத்தில் கல்லூரி நடத்துவது சாதாரணக் காரியமல்ல. அதே 1942-ல் அவர் ஆங்கில அரசின் சர் பட்டத்தை ஏற்றது மட்டும், 1930-ன் ராமலிங்க ரெட்டியை அறிந்தவர்களுக்குச் சற்று உறுத்தலாகவே இருந்திருக்கும்.

பின்னர் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் இணைவேந்தராயிருந்து, 1951 பிப்ரவரி 24-ந் தேதி காலமானார். கடைசி வரை மணம் புரியவில்லை. திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் தொடங்கியது 1954-ல். மூன்று ஆண்டுகள் இருந்திருந்தால், தமது ஜில்லாவிலேயே ஒரு பல்கலைக்கழகத்தைப் பார்த்திருப்பார்.